கன்றுக்குட்டிக்குப் போன பெயர்

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மலம் பரிசோதிப்பதுதான் என் வேலை. ஊரில் இதைச் சொன்னால் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கோ அந்த வேலையில் கொள்ளை ஆசை. மனிதக் குடலில் வாழும் கிருமியைத் தட்டில் வளர்த்து, எந்தச் சீனியைப் புளிக்க வைக்கிறது, எதைத் தொடாமல் விடுகிறது என்று பார்த்து, அட்டவணையில் அதன் இனத்தைத் தேடிப் பிடிப்பேன். முகத்தைப் பார்த்து இன்னார் வீட்டுப் பிள்ளை என்று சொல்வதைப் போலத்தான்.

ஒருநாள் என் மாமி மகனின் போத்தல் வந்தது. இரண்டு மாதமாக வயிற்றோட்டம். ஆள் மெலிந்து போயிருந்தார். எங்கள் இருவருக்கும் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நான் இன்னும் ஓம் சொல்லவில்லை. போத்தலைத் தாளில் ஏழு சுற்றுச் சுற்றி மாமியிடம் கொடுத்தனுப்பியிருந்தார்.

அதில் வளர்ந்த கிருமி அட்டவணையின் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. மூன்று தரம் திருப்பிச் செய்தேன். அதே முடிவு. புத்தகத்தில் இல்லாத இனம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. கொழும்பில் உள்ள பெரிய ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிட்டு, பதில் வருமுன்பே ஊரின் பெயரால் ‘கல்முனென்சிஸ்’ என்று பெயரும் வைத்துவிட்டேன். மாமி வீட்டுக்கே போய், “மச்சான், உங்கட வயித்தால நான் பெரிய ஆளாகப் போறன்” என்று சொல்லிச் சிரித்தேன். அவர் முழித்தார். பிறகு அவரும் சிரித்தார்.

மூன்று வாரத்தில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. இது மாட்டுச் சாணத்தில் காணப்படும் இனம், மாதிரி யாருடையது என்று உறுதிப்படுத்தவும் என்று எழுதியிருந்தார்கள்.

கடிதத்தோடு நேரே மாமி வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் கன்றைத் தடவிக்கொண்டு நின்றார். பால்குடிக் கன்று. கழிச்சல் ஒட்டிக் கிடந்த அதன் பின்புறத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

“மச்சான், அந்தப் போத்தல் ஆருட?”

தலையைக் குனிந்துகொண்டார். “கண்டுக்குட்டிட. நாளைக்கு எனக்குப் பொஞ்சாதியா வாறவள் என்ட மலத்தக் கிளறிப் பாக்கிறதா? வெக்கமா இருந்திச்சு, புள்ள.”

“பொறகாவது சொல்லியிருக்கலாமே?”

“சொல்லத்தான் பாத்தன். நீ அவ்வளவு சந்தோசமாச் சிரிச்சாய். அதக் கெடுக்க மனம் வரல்ல.”

ஏசுவதற்கு வாயைத் திறந்த நான் அப்போதுதான் அவருடைய முகத்தைச் சரியாகப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. மூன்று வாரமாகக் கிருமிக்குப் பெயர் வைத்துக்கொண்டு திரிந்தவள், வயிறு எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

“நாளைக்குக் காலையில உங்கடதக் கொண்டு வாங்க. நீங்களே கொண்டு வரணும்” என்றேன்.

வந்தார். தாள் சுற்றாமல், மருந்துக்கு நின்ற வரிசை முழுக்கப் பார்க்க, போத்தலை என் கையிலேயே தந்தார். பார்த்தால் அமீபா. வீட்டுக்கு வீடு இருந்த பழைய சாமான்! கசப்பு மாத்திரையில் பத்து நாளில் குணமாகிவிட்டது. அதற்கு முன்பே நான் என் உம்மாவிடம் கல்யாணத்துக்கு ஓம் சொல்லிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அவர் வந்தபோது அந்தக் கன்றையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தார். புத்தகத்துக்குப் போகாத பெயரை அதற்கு வைத்தேன். ‘கல்முனென்சிஸ்’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும்.