வெறுமையாய்ச் சுற்றினாலும் ஆடிய இயந்திரம்

உருத்திரமூர்த்தி எனக்குத் தொள்ளாயிரம் பிராங்க் தரவேண்டியிருந்தது. கடன்தான். வட்டி இல்லை, எழுத்து இல்லை, சாட்சியும் இல்லை. எண்பத்தைந்தாம் ஆண்டு மார்கழியில், பேர்ன் நகரத்தை ஒட்டிய ஓஸ்டர்முண்டிகனில், என்னுடைய அறையில் வைத்து நானே எடுத்துக் கொடுத்தேன். அவனை எல்லை தாண்டிக் கூட்டிவந்த ஆளுக்கு மிச்சக் காசு போகாவிட்டால், அந்த ஆளின் கூட்டாளிகள் கொடிகாமத்தில் அவனுடைய தாயின் வீட்டு வாசல் படலையில் போய் நிற்பார்கள். அதனால் கொடுத்தேன். அந்த நாளில் ஓஸ்டர்முண்டிகனில் இவ்வளவு காசைக் கையில் வைத்திருந்த தமிழன் நான் ஒருவன்தான். தாங்களும் வைத்திருந்ததாக யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசி அரைவருடம் போகவில்லை. இங்கே உணவகச் சமையலறையில் சட்டி கழுவத் தொடங்கி, இரண்டு வருடத்துக்குள் சலாட் மேசை முழுவதையும் என் பொறுப்பில் எடுத்தவன். ஜெர்மன் மொழியை ஏச்சு வாங்கி வாங்கியே படித்தேன். வகுப்புக்குப் போய்ப் படித்த பொடியன்கள் அரசாங்கக் கந்தோருக்குப் போகும்போது என்னைத்தான் துணைக்குக் கூப்பிட்டார்கள். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் வரப்போகும் அந்தச் சனிக்கிழமையில் என்னுடைய ஜெர்மனுக்கும் வேலை இருந்தது.

உருத்திரமூர்த்தி நெடுவல், மெலிந்தவன். எந்தப் பொருளையும் தொடுவதற்கு முன் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பான். தகப்பனுக்கு ஊரில் அரிசி ஆலை இருந்தது. ஒருநாள் ஆலைச் சில்லைச் சுற்றும் பட்டி அறுந்து, தகப்பனின் தோளைப் பதம் பார்த்ததாம். அதிலிருந்து சுழலுகிற எதைக் கண்டாலும் இவனுக்குப் பயம். அப்படிப்பட்டவனுக்கு வந்து வாய்த்த வேலையைப் பாருங்கள்.

முதலில் அவனை ஒரு தனியார் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவத்தான் எடுத்தார்கள். அவன் கழுவினால் குழாயில் விரல் அடையாளமும் இருக்காது. அங்கே மூத்த ஆய்வுகூடக்காரி கெர்பர் என்ற சுவிஸ் அம்மா. அவவுக்கு இவனுடைய கை பிடித்துவிட்டது. எண்பத்தாறாம் ஆண்டு ஆவணியில் இவனைச் சுழல் இயந்திரத்தில் நிறுத்தினா. சம்பளமும் கூடியது. ஆனால் மூன்று மாதம் பரீட்சைக் காலம். அதற்குள் பிழை விட்டால் வெளியே போகவேண்டியதுதான்.

அவன் வேலை முடிந்து என்னிடம் வந்தால் நான் விடமாட்டேன். எனக்கு எல்லாம் தெரியவேண்டும்.

"அது என்னடா செய்யுது?"

"இரத்தத்தைச் சுத்துது அண்ணை."

"சுத்தினா?"

"சிவப்பு அடிக்குப் போயிடும். மேல மஞ்சள் தண்ணி தெளிஞ்சு நிக்கும். அதை எடுத்துத்தான் சோதிக்கினம்."

"ஆர் அதை அடிக்குத் தள்ளுறது?"

"ஒருத்தரும் தள்ளேல்லை. சுத்துத்தான் தள்ளுது."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அடுத்த நாள் ஒரு மருந்துப் போத்தலில் தோட்டத்துச் சேற்றுத் தண்ணீரை எடுத்து, இறுக்கி மூடி, கயிற்றில் கட்டி, எங்கள் கட்டிடத்தின் பின்னால் நின்று தலைக்கு மேலே சுழற்றினேன். மேல் மாடிக் கிழவி யன்னலைத் திறந்து பார்த்துவிட்டு உடனே சாத்தினா. கை ஓய்ந்த பிறகு போத்தலைப் பார்த்தால், சேறு முழுவதும் அடியில் அப்பி நிற்கிறது! படித்தவர்கள் புத்தகத்தில் பார்க்கிறதை நான் கொல்லையில் கண்டுபிடித்தேன்.

"அண்ணை, உங்கட கயித்தில ஒரு போத்தல். என்ர மிசினில நாலு கிண்ணம்" என்றான் அவன்.

இடுப்பளவு உயரமான பெட்டி, மேலே கனமான மூடி. உள்ளே நடுத்தண்டில் நாலு கை, ஒவ்வொரு கையிலும் ஓர் உலோகக் கிண்ணம் தொங்கும். சுற்றத் தொடங்கினால் கிண்ணங்கள் வெளிப்பக்கம் எழும்பிப் படுத்துக்கொள்ளும். பேர்னில் சந்தை நாளில் சங்கிலிக் கதிரை ராட்டினம் பார்த்திருப்பீர்கள், அதே மாதிரி. கிண்ணத்தின் அடியில் தடித்த இறப்பர் வட்டு ஒன்று கிடக்கும். அதன் மேல்தான் கண்ணாடிக் குழாய்கள் நிற்கும்.

எதிர் எதிர்க் கிண்ணங்களில் பாரம் சமமாக இருக்கவேண்டும் என்பதுதான் முதல் பாடம். குழாய் ஒற்றையாக வந்தால் எதிரே தண்ணீர்க் குழாய் ஒன்றை நிறுத்துப் போடவேண்டும். சுற்று முற்றாக நிற்கும் வரை மூடியில் கை வைக்கக்கூடாது. உள்ளே குழாய் உடைந்தால் உடனே திறக்கக்கூடாது, இரத்தத் தூவல் அடங்கட்டும் என்று அரை மணித்தியாலம் விடவேண்டும். பிறகு கையுறை போட்டு, துண்டுகளை இடுக்கியால் பொறுக்கவேண்டும். இதெல்லாம் எனக்கே மனப்பாடம்.

கெர்பர் அம்மா பெட்டியின் உள்சுவரில் ஒரு நெளிவையும் காட்டினாவாம். முன்பு யாரோ பாரம் பிழையாகப் போட்டு, கிண்ணம் கழன்று அடித்த இடம். அதைப் பார்த்ததிலிருந்து உருத்திரமூர்த்தி சோறும் சரியாகத் தின்னவில்லை.

ஐப்பசி பிறந்தது. நவராத்திரியும் வந்தது. ஓர் அறையில் நாலு பேர் இருந்து ஒரு படத்துக்கு முன்னால் அவல் வைத்துக் கும்பிட்டோம். ஆயுத பூசைக்கு அடுத்த நாளே வந்தது வினை.

காலையில் முதல் சுற்று. நாற்பதுக்கு மேல் குழாய்கள். இவன் பாரம் பார்த்துத்தான் போட்டான், கெர்பர் அம்மாவும் பார்த்தா. பொத்தானை அமத்தி வேகம் ஏறியதுதான் தாமதம், பெட்டி உறுமிக்கொண்டு நிலத்தில் நடக்கத் தொடங்கியதாம். அவ ஓடி நிறுத்திவிட்டா. ஆனால் ஆறு குழாய்கள் உடைந்து போயின. ஆறு நோயாளிகளைத் திரும்பவும் கூப்பிட்டு ஊசி குத்தவேண்டும். கூடத்தின் முதலாளி டாக்டருக்குக் கோபம்.

"நேற்று வரைக்கும் ஓடிய இயந்திரம். நேற்றுக் கழுவிப் பூட்டியது இந்த ஆள். திங்கட்கிழமை திருத்துநர் வருகிறார். இவனுடைய பிழை என்று தெரிந்தால் அன்றைக்கே கணக்கு முடிப்போம்."

உருத்திரமூர்த்தி என் அறைக்கு வந்து கட்டில் விளிம்பில் குந்தினான்.

"வேலை போனா அகதி முகாமுக்குத்தான் திரும்பிப் போகவேணும் அண்ணை. உங்கட காசு..."

"காசை விடு. கழுவேக்க என்ன செய்தனி?"

"சவுக்காரத் தண்ணியில கழுவித் துடைச்சனான். பூட்டினனான்."

"ஆணியை இறுக்கினியோ?"

"ஓம். ரெண்டுதரம் பாத்தனான்."

"அப்ப ஏன்ரா ஆடுது?"

"அதுதானே எனக்கும் விளங்கேல்லை."

எனக்கும் விளங்கவில்லை. காசை விடு என்று சொன்னேனே தவிர, லாங்கன்தாலில் கடை ஒன்றில் பங்கு கேட்டு வைத்திருந்தேன். அந்தத் தொள்ளாயிரம் இல்லாமல் அது நடக்காது. அதைவிடப் பெரிது, ஒருவன் பிழை செய்யாமல் பழி சுமந்து போகக்கூடாது. செய்திருந்தால் என்ன பிழை என்றாவது தெரியவேண்டும்.

கெர்பர் அம்மாவுக்கும் அதே குடைச்சல். கழுவினதால் எப்படிக் கெடும் என்று கேட்டா. திருத்துநர் வரும் முன்பு தானே பார்க்கவேண்டும் என்று, சனிக்கிழமை காலை கூடம் பூட்டியிருந்த நேரம் இவனை வரச் சொன்னா. மொழிக்கு நான் போனேன். நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு போனேன்.

அவ முதலில் சுவரிலிருந்து மின் செருகியைக் கழற்றி, என் கண்ணுக்கு முன்னால் மேசையில் வைத்தா. அதற்குப் பிறகுதான் உள்ளே கை விட்டா. நடு ஆணி இறுக்கம். கிண்ணம் தொங்குகிற முளைகளில் கிறீஸ் சரியாக இருந்தது. கிண்ணங்கள் இலகுவாக ஆடின. இறப்பர் வட்டு நாலையும் விரலால் அமத்திப் பார்த்தா. எல்லாம் மெதுமையாக இருந்தன. வெடிப்பு எங்கேயும் இல்லை.

நான் கேட்டேன்: "குழாய் இல்லாமல் சுற்றினாலும் ஆடுமா?"

எங்கள் கட்டிடத்துச் சலவை அறையில் துணி பிழியும் பெட்டி ஒன்று உண்டு. ஈரத் துவாய் ஒரு பக்கம் ஒதுங்கினால் குதிக்கும், வெறும் பெட்டி குதிக்காது. அதை வைத்துத்தான் கேட்டேன். அவ என்னை நிமிர்ந்து பார்த்து, "அதைத்தான் செய்யப்போகிறேன்" என்றா. இருக்கட்டும். கேட்டவன் நான்.

வெறும் கிண்ணங்களோடு மூடியைச் சாத்தி, எங்களைச் சுவர்ப் பக்கம் தள்ளி நிற்கச் சொல்லி, மெல்லிய வேகத்தில் விட்டா. கொஞ்சம் ஏற்றினா. கடகடவென்று ஆடியது! நிறுத்தினா. மூன்று பேரும் அது ஓய்ந்து நிற்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அப்ப மிசின்தான் பழுது அண்ணை" என்றான் உருத்திரமூர்த்தி. குரலில் பாதி நிம்மதி.

நான் ஜெர்மனில் சொன்னேன். அவ இல்லை என்று தலையை ஆட்டினா. அலுமாரியிலிருந்து இரண்டு தட்டுள்ள தராசு ஒன்றை எடுத்து வந்தா. ஒன்றுக்கு எதிரே தொங்கும் கிண்ணங்கள் ஒரே நிறையாகச் செய்யப்பட்டவை. ஒரு சோடியை வைத்தா. தட்டுகள் சமமாக நின்றன. மற்றச் சோடியை வைத்தா. ஒரு தட்டு டக்கென்று கீழே இறங்கியது.

நான் தராசைப் பார்க்கவில்லை. உருத்திரமூர்த்தியின் முகத்தைப் பார்த்தேன். மஞ்சள் பூசினதுபோல் வெளிறிக்கொண்டு வந்தது.

அவ இறங்கின கிண்ணத்தின் இறப்பர் வட்டை இடுக்கியால் கிளப்பினா. அடியில் உள்ள குழிவில் மஞ்சளாய் ஒரு கட்டி. சப்பளிந்து போயிருந்தது. அதன் தலையில் ஒரு புல்.

"இது என்ன?"

"டேய், இது என்னடா?" என்றேன் நானும்.

"பிள்ளையார் அண்ணை."

"பிள்ளையாரோ!"

"ஆயுத பூசைக்கு எங்கட ஐயா ஆலைச் சில்லுக்கடியில மஞ்சளில பிள்ளையார் பிடிச்சு வைப்பார். எனக்கு இந்த மிசினில சரியான பயம். வெளியில வைச்சாக் கூட்டித் தள்ளிப் போடுவினம். கிண்ணத்துக்குள்ள வைச்சா இரத்தம் பட்டிடும், தீட்டெல்லோ. அதுதான் இறப்பருக்குக் கீழ சுத்தமா வைச்சனான்."

"விக்கினம் தீர்க்கிறவரையே விக்கினமாக்கிப் போட்டியேடா! பாரம் சமமா இருக்கவேணும் எண்டு எனக்கே பாடம் எடுத்தனீ. இதை நினைக்கேல்லையோ?"

"சாமியும் பாரமோ அண்ணை?" என்றான். கண் கலங்கியிருந்தது. பகிடி விடவில்லை. கிண்ணத்துக்குள் போடுகிற குழாய்க்கு அவன் பாரம் பார்த்தான். பிள்ளையாரை அவன் பாரக் கணக்கில் சேர்க்கவேயில்லை.

கெர்பர் அம்மா காத்துக்கொண்டு நின்றா. இப்போது என்னுடைய ஜெர்மன். வெங்காயத்துக்கும் கரண்டிக்கும் சொல் தெரியும், பிள்ளையாருக்கு நான் எங்கே போவேன்? ஆனாலும் நான் தடுமாறவில்லை. "சின்னக் கடவுள். யானைத் தலை. வேலை தொடங்க முதல் இவரிடம் கேட்கவேண்டும். இவன் பயந்து, காவலுக்கு வைத்தான்" என்றேன். மூக்குக்கு முன்னால் கையை வளைத்துத் தும்பிக்கையும் காட்டினேன். ஒரு வக்கீல் பேசியிருந்தாலும் இதைவிடத் தெளிவாகப் பேசியிருக்கமாட்டான்.

அவ சிரிக்கவில்லை. கட்டியைச் சின்னத் தராசில் வைத்தா. இருபது கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு தாளில் கணக்குப் போட்டுவிட்டு, "இங்கே இருக்கும்போது இவ்வளவுதான். முழு வேகத்தில் சுற்றும்போது இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைவிடக் கனம்" என்றா. இன்றைக்கும் யாராவது வேகமாகக் கார் ஓட்டினால் அந்தக் கணக்குத்தான் நினைவுக்கு வரும்.

பிறகு கேட்டா: "புல் எதற்கு?"

"அறுகம்புல் வைக்கவேணும். இஞ்ச கிடைக்கேல்லை. றோட்டோரப் புல்லைத்தான் வைச்சனான்" என்றான். அதை ஜெர்மனில் சொன்னேன்.

"எதிர்க் கிண்ணத்திலும் ஒருவரை வைத்தால் சமமாகிவிடுமே?" என்றா. முகத்தில் இப்போதுதான் மெல்லிய சிரிப்பு.

உருத்திரமூர்த்தி பதறிப் போனான். "பிள்ளையாருக்குச் சோடி இல்லை எண்டு சொல்லுங்கோ அண்ணை!"

"இவருக்குக் கல்யாணம் ஆகவில்லை" என்றேன். அதற்குத்தான் அவ வாய்விட்டுச் சிரித்தா.

கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, இரண்டு சோடியையும் திரும்ப நிறுத்துப் பூட்டினோம். விட்டா. அந்தப் பெரிய பெட்டி ஒரு தேனீயின் அளவுக்குத்தான் சத்தம் போட்டது. பிள்ளையாரைக் குப்பையில் போட உருத்திரமூர்த்தி விடவில்லை. ஓடுகிற தண்ணீரில்தான் கரைக்கவேண்டும் என்றான். மூன்று பேரும் ட்ராமில் போய் ஆரே ஆற்றில் கரைத்தோம். மஞ்சள் போன திசையைக் கெர்பர் அம்மா பாலத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றா.

திங்கட்கிழமை அவ முதலாளியிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. திருத்துநரை வரவேண்டாம் என்று சொல்லியாயிற்று. முதலாளி அரைமணி நேரம் ஏசினாராம். கடைசியில், கேட்டதும் உண்மையைச் சொன்னான், இயந்திரத்துக்குச் சேதம் இல்லை என்று பரீட்சைக் காலத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டிவிட்டார். உடைந்த ஆறு குழாய்க்காரரும் வந்தபோது, வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டவன் உருத்திரமூர்த்திதான். அந்த ஜெர்மன் வசனத்தைச் சொல்லிக் கொடுத்தது நான்.

அதற்குப் பிறகு அங்கே ஒரு புது ஒழுங்கு. கழுவின கிண்ணங்கள் சோடி சோடியாகத் தராசில் ஏறி இறங்காமல் இயந்திரத்துக்குள் போகா. உருத்திரமூர்த்தியின் பயமும் அப்படியேதான் இருந்தது. ஆனால் அந்தப் பயத்தோடு வேலை செய்யப் பழகிவிட்டான். பெரிய வேலைக்கு அவன் ஆசைப்படவில்லை. பின்னாளில் அவனுக்குக் கல்யாணம் முடிந்து பிள்ளைகள் பிறந்தபோதும், அதே கூடத்தில் அதே இயந்திரத்துக்குப் பக்கத்தில்தான் நின்றான்.

கடனைத் துண்டு துண்டாகத் தர அவனுக்கு மனம் வரவில்லை. சேரட்டும் என்று வைத்திருந்தான். எண்பத்தேழு மாசியில் பரீட்சைக் காலம் முடிந்து வேலை நிரந்தரமான அன்று, என்னைக் கூடத்துக்கே வரச் சொன்னான். நான் போன நேரம் இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"காசைத் தா, எனக்குப் பஸ் வரப்போகுது" என்றேன்.

"நிக்கட்டும் அண்ணை."

"நான் நிக்கிறன்தானே!"

"நீங்களில்லை, மிசின்."

பஸ் போய்விட்டது. சுற்றுக் குறைந்து, குறைந்து, அடங்கியது. மூடியிலுள்ள சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு மூடியைத் திறந்தான். குழாய்களை ஒவ்வொன்றாகத் தூக்கி நிரையில் வைத்தான். கையுறையைக் கழற்றி, முழங்கை வரை சவுக்காரம் போட்டுக் கழுவி, துடைத்தான். பிறகு உள்சட்டைப் பையிலிருந்து காசை எடுத்து, "கையை விரியுங்கோ" என்றான். நூறு பிராங்க் தாள்கள் ஒன்பதையும் ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி, என் விரித்த உள்ளங்கையில் வைத்தான்.