வாயால் ஓடிய எஞ்சின்

டிரைவிங் ஸ்கூல் நடத்திய அந்த அக்காவை எல்லாரும் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தியேட்டரில் படம் பார்க்கும்போதுகூடத் திரையில் கார் வேகமாக வந்தால் அவள் வலது கால் தரையை அழுத்தி மிதித்துவிடும்.

பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது அவளுக்கு வாரத்துக்கு மூன்று லிட்டர்தான் கிடைத்தது. அதற்காக ஸ்கூலை இழுத்து மூடுகிற ஆளா அவள்? வாசலில் காரை நிறுத்தி, சாவி போடாமலே பாடம் நடத்தினாள். எஞ்சின் சத்தத்தை வாயாலேயே கொடுத்தாள்; பழக வந்தவர்களும் கூடவே கொடுக்க வேண்டும். யாராவது கிளட்ச்சைப் படக்கென்று விட்டால் 'டுப்' என்று வாயை மூடிக்கொள்வாள். வண்டி நின்றுபோனது என்று அர்த்தம்.

ஆஸ்பத்திரி வண்டியை ஓட்ட ஆளில்லாததால் ஒரு நர்சம்மா பழக வந்தார். அக்காவைவிடப் பத்து வயது மூத்தவர். டெஸ்ட் அன்று நிஜ எஞ்சினே ஓடியும், பழக்கதோஷத்தில் கியருக்குக் கியர் 'உர்ர்' என்றார்.

"என்னம்மா சத்தம்?" என்றார் பக்கத்தில் இருந்த அதிகாரி.

"எஞ்சின் சார்."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அக்காவும் அவரும் திரும்பும் வழியில் பெட்ரோல் தீர்ந்தது. நர்சம்மா இறங்கப் போனார்.

"லைசன்ஸ் வாங்கினது நீங்க. நீங்க உக்காருங்க, நான் தள்றேன்" என்று அக்கா பின்னால் போனாள். தள்ளத் தள்ள அவள் வாய் தானாகவே உறுமத் தொடங்கியது. மேடு வந்ததும் மூச்சிரைக்க, "செகண்டுக்கு மாத்துங்க" என்றாள்.

நர்சம்மாவும் பொறுப்பாக மாற்றி, கிளட்ச்சைப் படக்கென்று விட்டார். கியரில் சிக்கிய கார் ஓர் அங்குலம்கூட நகர மறுத்தது.

முன் சீட்டிலிருந்து மெல்லக் கேட்டது: "டுப்."