நான்காம் வழி ஏன் நின்றது

அந்தச் சோதனைப் பலகையில் ஒரு கறுப்புப் பொத்தான் இருந்தது. அழுத்தினால் சிவப்பு விளக்கு அணைந்துவிடும். மூன்று வாரம் அதை அழுத்திக்கொண்டே இருந்தவன் நான். எங்கள் மேடத்தை நினைத்தால் முதலில் எனக்கு ஞாபகம் வருவது அந்தப் பொத்தான்தான்.

பிள்ளைகளே, நான் ஐ.டி.ஐ. வரை படித்தவன். வீடு கோலார் தங்கவயலில், ஸ்கெலட்டன் என்கிற குடியிருப்பில். விடிகாலை ரயிலேறி பெங்களூரு போய், சிப் வடிவமைக்கும் ஒரு கம்பெனியின் சோதனை அறையில் காண்டிராக்ட் ஆளாக வேலை பார்த்தேன். இப்போதும் அங்கேதான். மேடம் அங்கே என்ஜினியர். மைசூர்ப் பக்கத்துக்காரர். அவர் பேசும் தமிழில் பாதி கன்னடம் இருக்கும்.

அவர் செய்துகொண்டிருந்ததை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் நிறைய சின்னக் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. அவை ஒன்றுக்கொன்று செய்திகளைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாக அனுப்பிக்கொள்ளும். வழிகள் சந்திக்கும் இடத்தில் இருப்பதுதான் ரவுட்டர்; மேடம் வடிவமைத்தது அதைத்தான். எங்கள் பலகையில் உள்ளே வர நான்கு வழி. பொட்டலங்கள் எல்லாம் கேட்டதோ ஒரே வாசலை. ஒரு நேரத்தில் ஒன்றுதான் போக முடியும். யார் முதலில் என்று தீர்ப்புச் சொல்ல உள்ளே ஒரு பகுதி உண்டு. அவசரப் பொட்டலங்கள் ஒன்றாம் வழியில் வரும், சாதாரணமானவை நான்காம் வழியில். ஒன்றுக்குத்தான் முதல் உரிமை, நான்குக்குக் கடைசி. இதுதான் அப்போது இருந்த விதி.

என் வேலை பலகையை ஓடவிட்டுப் பார்த்து, சாயங்காலம் ஒரு வரி எழுதித் தருவது. நான்காம் வழியில் பொட்டலங்கள் தேங்கிச் சிவப்பு விளக்கு எரியும். ஒயர் லூசாக இருக்கும் என்று நினைத்தேன். பொத்தானை அழுத்துவேன், தேங்கியது எல்லாம் அழிந்துபோகும். சாயங்காலம் 'நெரிசல் இல்லை' என்று எழுதிவிடுவேன். மேடம் சந்தோஷமாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

ஒரு வியாழக்கிழமை காலையில் எங்கள் ரயில் பங்காருபேட்டைக்கு வெளியே நின்றது. ஒரு எக்ஸ்பிரஸ் போனது. இன்னொன்று போனது. மூன்றாவதும் போனது. "வண்டி ரிப்பேரா?" என்று நான் கேட்டுவிட்டேன்.

பக்கத்தில் இருந்த பெரியவர் சிரித்தார். "இன்னா தம்பி, வண்டி நல்லாத்தான் கீது. நமக்கு வழி வுடணுமே!"

எதிர் சீட்டுப் பூக்காரம்மா, "ரிப்பேர்னா எறங்கித் தள்ளேன், பாப்போம்" என்றார். பெட்டியே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான்காம் வழியும் கெட்டுப்போகவில்லை. அதன் முறை வரவே இல்லை.

சிப்பின் வடிவம் திங்கட்கிழமை தொழிற்சாலைக்குப் போக வேண்டும். போனபின் திருத்த முடியாது. உண்மையைச் சொன்னால் என் வேலை போகலாம். எங்கள் சூப்பர்வைசர் வாய் திறந்தாலே, "ஆளை மாத்திடுவேன்" என்பவர். பங்காருபேட்டையிலிருந்து பெங்களூரு வரை சொல்வதா வேண்டாமா என்றே யோசித்துக்கொண்டு போனேன். கடைசியில் பையைக்கூட இறக்காமல் மேடத்தின் முன்னால் நின்று சொல்லிவிட்டேன்.

அவர் நான் எழுதித் தந்த பழைய தாள்களைப் புரட்டினார். "ஏன் அழுத்தினீங்க?"

"செவப்பா எரிஞ்சா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னுதான் மேடம்."

"சங்கடப்படத்தானே அந்த விளக்கு வெச்சேன்! இன்னிக்கு தொட பேடா, தொடாதீங்க. சும்மா பாருங்க."

நான் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். மத்தியானம் வரை ஒன்றாம் வழி ஓடிக்கொண்டே இருந்தது. நான்காம் வழியில் வந்த முதல் பொட்டலம் அசையாமல் அங்கேயே கிடந்தது.

அடுத்த மூன்று நாளும் மேடம் வீட்டுக்குப் போனதாகத் தெரியவில்லை. விதியை மாற்றினார். அவசரத்துக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் காத்திருக்கக் காத்திருக்க மற்றவற்றின் உரிமையும் ஏறும். ஓர் அளவு தாண்டினால் அவசரமே ஒதுங்கி வழிவிட வேண்டும். ஞாயிறு மாலை நான்காம் வழி மெதுவாக நகர்ந்தது. யாரும் தொடாமல் விளக்கு அணைந்தது.

அறிக்கையில் மேடம் இரண்டு வரி எழுதியிருந்தார். பிழையை மறைத்தவர் என்று ஒரு வரி, பிழையைக் கண்டுபிடித்தவர் என்று ஒரு வரி. இரண்டிலும் என் பெயர்தான்.

சூப்பர்வைசர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேடம், இந்தாளை அனுப்பறதா, வெச்சுக்கறதா? ரெண்டு எடத்துலயும் ஒரே பேரு கீதே!"

"ரெண்டும் நிஜம்தான். வெச்சுக்கோங்க."

மேடம் இப்போது வேறு நாட்டில் இருக்கிறார். புதிதாக வரும் என்ஜினியர்களுக்கு அந்த அறிக்கையைத்தான் முதலில் படிக்கக் கொடுக்கிறார்கள். முதல் வரியைப் படித்ததும் தலையைத் தூக்கி என்னைப் பார்ப்பார்கள்.  அடுத்த வரியையும் படிக்கட்டும் என்று நிற்கிறேன்.