இடம் கேட்டு வந்தவர்

நம்பாதவர்கள் இந்த வரியோடு மூடி வைத்துவிடலாம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் கட்டிவிட்ட கதை என்று மட்டும் சொல்லாதீர்கள். இது 1959 ஐப்பசியில் கொல்லிமலையில் நடந்தது. யாருக்கு நடந்ததோ அந்த மனிதர் இன்றும் ராசிபுரத்தில் என் மிளகு மண்டியில்தான் மூட்டை தைத்துக்கொண்டிருக்கிறார்.

பெயர் தருமலிங்கம். பினாங்கில் பிறந்து வளர்ந்தவர். பாட்டன் காலத்திலேயே கப்பலேறிய குடும்பம். அப்பா இல்லை, அம்மாவுக்கு ஒரே பிள்ளை. இருபத்து மூன்று வயதில் இந்தியாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று முதுகில் ஒரு கித்தான் பையோடு கிளம்பிவிட்டார். கையில் காசு குறைச்சல், ஆசைக்குக் குறைச்சலில்லை. சத்திரம், சாவடி, ஸ்டேஷன் பெஞ்சு என்று எங்கே இடம் கிடைத்தாலும் படுத்துக்கொள்வார். பக்கத்தில் படுத்திருப்பவரிடம் ஊர் பேர் விசாரித்துத் தன் கதையையும் கொட்டிவிடுவார். வாய் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. மூன்று மாதம் இப்படியே ஓடியது.

கொல்லிமலைதான் கடைசி. அதற்கு மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை நாகப்பட்டினத்தில் கப்பல். அம்மா பினாங்கில் வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தார். பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட் இரண்டும் அந்தப் பையில்தான். அது போனால் வீடும் போச்சு.

அப்போதெல்லாம் மலைக்குப் பஸ் ஏது? நடந்தே ஏறிச் செம்மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. நல்ல மழை. மறுநாள் சந்தை என்பதால் எங்கே பார்த்தாலும் வியாபாரிகள் கூட்டம். பாப்பாயி என்ற அம்மாள் தன் கடைக்குப் பின்னால் வெளியூர்க்காரர்களுக்கு அறை விடுவாள். ஒரே ஓர் அறைதான் மிச்சம் இருந்தது. ஓர் ஆள் தாராளமாகப் படுக்கலாம். வாடகையோ அநியாயத்துக்குக் குறைவு. நம்ம ஆளுக்கு வாயெல்லாம் பல்.

லாந்தரைக் கொடுத்த பிறகும் பாப்பாயி நகரவில்லை.

"கண்ணு, ஒண்ணு சொல்றேன் கேளு. ராத்திரி யாராச்சும் வந்து எடங் கேப்பாங்க. எடமில்லீங்கன்னு சொல்லீரு. கதவை மட்டும் தெறக்காதே."

"யாரும்மா வருவாங்க?"

"வந்தா சொல்லு. அவ்வளவுதான்."

போய்விட்டாள்.

மூன்று மாதமாக, முன்பின் தெரியாதவர்கள் நகர்ந்து படுத்து இடம் கொடுத்ததால்தான் தருமலிங்கம் இந்தியாவைப் பார்த்தார். அவரிடம் போய் இப்படிச் சொன்னால் எரிச்சல் வராதா? மனுஷத்தன்மை இல்லாத பொம்பளை என்று முணுமுணுத்துக்கொண்டே தாழ்ப்பாள் போட்டார்.

மணி பத்து இருக்கும்.

டொக்… டொக்…

"ஏனுங்க… உள்ளார யாருங்க? மழைங்க. ஒரு ஓரமாப் படுத்துக்கறேனுங்க."

"இடம் இல்லைங்க" என்றார். சொன்னதுமே நெஞ்சு உறுத்தியது.

மழை வலுத்தது. வெளியே பல் தந்தியடிக்கும் சத்தம் கேட்டது.

டொக்… டொக்…

"குளுருதுங்க…"

மனசு கேட்கவில்லை. திறந்துவிட்டார்.

கறுப்புக் கம்பளி போர்த்திய ஓர் ஆள். தலைவரை மூடியிருந்ததால் முகம் தெரியவில்லை. உள்ளே வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. அவ்வளவு மழையில் வந்தும் தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. தருமலிங்கம் அதைப் பார்த்தார். உசத்தியான கம்பளி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். நல்லவர்களின் புத்தி அப்படித்தான் வேலை செய்கிறது!

விளக்கை அணைத்ததும் வழக்கம்போலப் பேச்சு தொடங்கியது. ஆனால் இந்தத் தடவை கேள்வி கேட்டது அந்த ஆள்.

"எந்த ஊருங்க?"

"பினாங்கு."

"ஊட்டுல யாரு இருக்கறாங்க?"

"அம்மா மட்டும்தான்."

"உங்களை என்னன்னு கூப்புடுவாங்க?"

"தர்மு."

கேள்விகள் நிற்கவில்லை. வீடு எந்தத் தெரு, வாசலில் என்ன மரம், அம்மாவுக்கு எந்தக் காது மந்தம், கப்பல் என்றைக்கு… தருமலிங்கம் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. அந்த ஆளின் பேச்சில் 'ங்க' குறைந்துகொண்டே வந்தது… மலைப்பக்கத்துப் பேச்சே இல்லை…

பினாங்குப் பேச்சு.

தருமலிங்கத்தின் குரல்.

எழுந்து ஓட நினைத்தார். உடம்பு அசையவில்லை.

"கொஞ்சம் தள்ளிப் படு, தர்மு."

தன்னையறியாமல் தள்ளிப் படுத்தார்…

முகத்தில் மழை விழுந்து கண் விழித்தார். வெளியே சேற்றில் கிடந்தார். மேலே அந்தக் கறுப்புக் கம்பளி. கதவைத் தள்ளிப் பார்த்தார். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

தட்டினார்.

டொக்… டொக்…

உள்ளேயிருந்து அவர் குரலே பதில் சொன்னது.

"இடம் இல்லை."

முன்பக்கம் ஓடிப் பாப்பாயியின் கதவைத் தட்டினார், கத்தினார், அழுதார். ஒருவரும் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? அங்கே படுத்திருந்த அத்தனை பேருக்கும் அவள் அதே எச்சரிக்கையைத்தானே சொல்லியிருப்பாள்.

விடிந்தபின் பாப்பாயி வெளியே வந்தாள்.

"யாருப்பா நீ?"

"நான்தாம்மா. பினாங்குக்காரன்."

"அந்தத் தம்பி இப்பத்தானே பையைத் தூக்கிக்கிட்டு எறங்கிப் போச்சு. பின்வாசல்ல சொல்லிட்டுத்தானே போச்சு…"

அப்புறம்தான் கம்பளியை விலக்கி முகத்தைப் பார்த்தாள். சட்டென்று பின்னால் நகர்ந்து கதவைப் பாதி சாத்திக்கொண்டாள்.

"தெறந்துட்டியா சாமி?"

அந்த அறை காலியாகக் கிடந்தது. பை இல்லை. தருமலிங்கம் தலைதெறிக்க மலையிறங்கினார். லாரிக்காரர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தபோது கப்பல் புறப்பட்டுப் போயிருந்தது.

"தருமலிங்கமா? அவர் ஏறிட்டாரே" என்றார் குமாஸ்தா. "என் கையாலதான் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன்."

ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். ஒரே ஆள் எத்தனை தடவை ஊருக்குப் போவான் என்று சிரித்தார்கள். கடைசியில் வேலை கேட்டு என் மண்டிக்கு வந்தார்.

நானும் நம்பவில்லை. பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டுக் கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன். 1963இல் என் மச்சானைப் பார்க்கப் பினாங்கு கிளம்பியபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"அம்மா உயிரோட இருக்காங்களான்னு மட்டும் பார்த்துட்டு வாங்கண்ணே."

விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். அந்த அம்மாள்தான் கதவைத் திறந்தார். நன்றாக இருந்தார். இந்தியாவிலிருந்து வருகிறேன் என்று உரக்கச் சொன்னேன். அவர் உள்ளே திரும்பி "தர்மு!" என்று கூப்பிட்டார்.

வந்தான்.

என் மண்டியில் மூட்டை தைக்கிற அதே முகம்.

அம்மாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டான். அந்த அம்மாளுக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். நான் இன்னும் என் பெயரைச் சொல்லவில்லை, ஊரையும் சொல்லவில்லை.

அவன் சிரித்துக்கொண்டே மெல்லக் கேட்டான்.

"ராசிபுரத்துல அவர் சௌகரியமா இருக்காரா?"