நல்லெண்ணெய்க்குக் காணும் வட்டி

வெளிநாட்டுக்கு வந்து லிட்கமில் ஒரு ஃபிளாட்டுக்குக் குடிபோனபோது நாங்கள் ஒரு முற்பணம் கட்டினோம். இங்கே அதற்குப் பெயர் பொண்ட். என் மனுசன் அதை ஒரு பெருமையோடு சொல்லிக்கொண்டு திரிந்தார். ஊரில் வீட்டுக்காரர் கையில் கொடுத்த காசு எப்போது முழுசாகத் திரும்பி வந்தது? இங்கே அரசாங்கம் பத்திரமாக வைத்திருந்து, வீட்டை விட்டுப் போகும்போது வட்டியோடு தரும். அந்த வட்டி எவ்வளவு சொற்பம் என்று நான் சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

அந்தக் காசுக்கு வில்லங்கம் வந்தது அவருடைய தலையால்தான். சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு அவருக்குத் தவறக்கூடாது. தலை நிறைய நல்லெண்ணெய் வைத்து, கதிரை சும்மா கிடக்க, நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, ஹோல் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். வெள்ளைச் சுவரில் அவர் தலை அளவுக்கு ஒரு மஞ்சள் கறை படிந்துவிட்டது.

"சுவரைப் பாருங்கோ! பொண்ட் முழுக்க இதுக்கே போகப்போகுது," என்று கத்துவேன்.

"போனால் போகட்டும். வட்டி தருவாங்கள்தானே? அதில எனக்கொரு போத்தல் நல்லெண்ணெய் வாங்கித் தாரும்."

கண்ணைத் திறக்காமலே சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன குளிர்காலத்தில் வேலை செய்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவரை வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தனியே அந்த வாடகையைக் கட்ட என்னால் முடியவில்லை. டண்டினொங்கில் இருக்கும் தங்கச்சி தன்னோடு வந்திருக்கச் சொன்னாள்.

வீட்டைப் பார்க்க வந்த ஏஜென்சிப் பெண் சுவரைத் தடவிப் பார்த்தாள். கறை போகாவிட்டால் பெயின்ற் அடிக்கும் செலவைப் பொண்டில் கழிக்க வேண்டி வரும் என்றாள். அவர் நம்பி வைத்த காசு. ஒரு சதமும் விடமாட்டேன் என்று எனக்குப் பிடிவாதம் வந்தது. மறுநாள் வாளியில் சவர்க்காரம் போட்ட சுடுதண்ணீர் எடுத்துவந்து தேய்த்தேன். ஈரம் பட்டதும் நல்லெண்ணெய் மணம் எழும்பியது. அவருடைய தலை மணம். அழுதேன், ஆனால் கையை நிறுத்தவில்லை. சுவர் புதுசு போல வந்துவிட்டது.

வீட்டுத் திறப்பைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒரு புதினம் சொன்னாள். வீட்டுச் சொந்தக்காரர் குசினியையும் ஹோலையும் ஒன்றாக்கப்போகிறாராம். அந்தச் சுவரை இடிக்கப்போகிறார்களாம். எப்படியும் போகவிருந்த கறைதான். ஆனால் இடிக்கிறவன் கையால் போயிருக்கும், என் கையால் போயிருக்காது. இதை யாரிடம் சொல்லி அழ?

பொண்ட் ஒரு சதம் குறையாமல் வந்தது. வட்டியும் வந்தது. டண்டினொங்கில் ஒரு தமிழ்க் கடைக்குப் போனேன். ஒரு போத்தல் நல்லெண்ணெய் வாங்க அந்த வட்டி காணுமாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் அந்த எண்ணெயைத் தலையில் வைத்துக்கொண்டு தங்கச்சி வீட்டு ஹோலில் நிலத்தில் இருந்தேன்.

"அக்கா, பொம்பிளையள் வெள்ளிக்கிழமையெல்லோ முழுகிறது?" என்றாள் அவள். பிறகு பதறிக்கொண்டு ஓடி வந்தாள். "ஐயோ, சுவரில சாயாதேங்கோ! எண்ணெய் பிரளும்!"

"போனால் போகட்டும்," என்றேன். கண்ணைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று திறக்கவில்லை.