பால்போல் வெளுத்த கடற்சாமந்தி

வெள்ளையாக இருந்ததால்தான் அதை எடுத்தேன். சேலத்தில் ஒரு வளர்ப்பு மீன் கடையில், கல்லாவுக்குப் பின்னால் இருந்த கண்ணாடித் தொட்டியில், மூன்று கடற்சாமந்திகள் இருந்தன. இரண்டு நனைந்த சாக்கின் நிறத்தில் பாறையோடு பாறையாக ஒட்டிக் கிடந்தன. மூன்றாவது வெள்ளை. விரல் விரலாக நீண்டிருந்த இழைகளின் நுனியில் மட்டும் லேசான ஊதா. உள்ளே யாரோ விளக்குப் போட்டு வைத்ததுபோல் இருந்தது.

பெயரில்தான் அது சாமந்தி. பாறையில் அடியை ஒட்டிக்கொண்டு, கொட்டும் இழைகளை விரித்து, அதில் சிக்குவதைத் தின்று வாழும் கடல் உயிர். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனை மட்டும் அது கொட்டாமல் உள்ளே குடிவைத்துக்கொள்ளும். அந்த மீனில் ஒரு ஜோடி என் வீட்டில் இரண்டு வருடமாக இருந்தது. சாமந்தி இல்லாமல் நன்றாகத்தான் இருந்தது. தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த மீன்களுக்கு அது கட்டாயமில்லை என்று படித்துமிருந்தேன். தேவைப்பட்டது எனக்கு. படம் எடுக்க வேண்டியிருந்தது.

நான் நாமக்கல்லில் ஒரு நாளிதழின் நிருபர். இருபது வருடமாக முட்டை விலை, லாரிக்காரர்களின் போராட்டம், ஆட்சியர் அலுவலக மனுநாள் என்று எழுதி வந்தவனிடம், ஞாயிறு இணைப்புக்கு ஒரு பொழுதுபோக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். வீட்டுக்குள் கடல் வளர்ப்பதைப் பற்றி எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

"வெள்ளைதானுங்க மொதல்ல போகும்" என்றார் கடைக்காரர். "பிரவுன வெச்சுக்கிட்டு நான்தான் பாத்துட்டு உக்காந்திருக்கோணும்." அது மட்டும் ஏன் வெள்ளை என்று நான் கேட்கவில்லை. 'ஏன்' என்று கேட்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

எங்கள் பக்கம் வெள்ளைக்கு ஒரு மதிப்பு உண்டு. மரவள்ளி மாவும் ஜவ்வரிசியும் எவ்வளவு வெளுப்போ அவ்வளவு தரம். மாதிரி பார்ப்பவர் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார். பழுப்பேறியிருந்தால் பேச்சே இல்லை. அந்த வெளுப்புக்காகச் சில இடங்களில் மாவில் ரசாயனம் சேர்ப்பதைப் பற்றிச் சில வருடங்களுக்கு முன் நானே எழுதியிருக்கிறேன். 'வெண்மை தரமல்ல' என்று தலைப்பும் நானே வைத்தேன். அதே நான்தான் அன்று பாலித்தீன் பையில் வெள்ளைச் சாமந்தியை மடியில் வைத்துக்கொண்டு நாமக்கல் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

படம் நன்றாக வந்தது. கட்டுரையோடு ஒரு பெட்டிச் செய்தி போட்டேன், வாங்கும்போது கவனிக்க வேண்டியவை என்று. அடிப்பாகம் கிழியாமல் இருக்க வேண்டும், வாய் இறுக மூடியிருக்க வேண்டும், தொட்டி குறைந்தது ஆறு மாதமாவது ஓடிப் பழகியிருக்க வேண்டும். இவையெல்லாம் படித்துச் சரிபார்த்தவை. முதல் வரி மட்டும் இப்படி: 'பால்போல் வெளுத்ததாகப் பார்த்து எடுக்கவும்.' அந்த வரிக்கு ஆதாரம் என் கண் மட்டும்தான்.

கட்டுரை வந்து இரண்டாவது வாரத்தில் ஒரு காலை, என் மனைவி கூடத்திலிருந்து கூப்பிட்டாள். "ஏனுங்க, உங்க வெள்ளைக்காரரு வாயப் பொளந்துட்டாரு. வந்து பாருங்க."

பாறையை விட்டு நழுவி, மணலில் ஒருக்களித்துக் கிடந்தது. இழைகள் சுருங்கி, நடுவில் வாய் திறந்து, உள்ளிருந்து சவ்வு வெளியே வந்திருந்தது. எடுத்துத் தனி வாளியில் போட்டேன். மாலைக்குள் நாற ஆரம்பித்தது. தொட்டியில் இருந்த மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகுதான், எழுதுவதற்கு முன் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். படித்தேன். இரண்டு பேருக்குப் போன் போட்டுக் கேட்டேன். கடற்சாமந்தியின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தை உணவாக்கி அதற்கு ஊட்டுவது அந்தப் பாசிதான். பழுப்பு நிறம் அந்தப் பாசியின் நிறம். வெள்ளை என்றால் பாசி போய்விட்டது என்று பொருள். கடையில் எல்லோரும் முதலில் எடுத்துப்போவது பட்டினியில் இருப்பதை.

"எழுதிப் போட்டீங்களே, அதுக்கு என்ன பண்றதுங்க?" என்று மனைவி கேட்டாள். அந்தப் பக்கத்தையெல்லாம் யார் படிக்கிறார்கள் என்றேன்.

"நம்மூர்ல வடை கட்டுன பேப்பரக்கூடப் படிச்சுட்டுத்தான் கசக்கறாங்க."

திருத்தம் கொடுத்திருக்கலாம். ஒரு வரி போதும். ஆனால் திருத்தம் வந்தால் அது ஆசிரியர் பிரிவில் பதிவேறும். யார் எழுதியதில் எத்தனை என்று வருடக் கடைசியில் பார்ப்பார்கள். இருபது வருடத்தில் என் பெயருக்கு ஒன்றும் இருக்கவில்லை. அந்தச் சுத்தத்தைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்தேன். அதுவும் ஒரு வெள்ளைதான்.

பத்து நாள் கழித்து ஆத்தூரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். அலுவலகத்தில் என் எண்ணை வாங்கியிருந்தார். குரலில் ஐம்பது வயது இருக்கும். திருமணம் செய்துகொள்ளாமல் தம்பி குடும்பத்தோடு இருப்பவர், குடும்பத்தின் ஜவ்வரிசி ஆலையில் மாவு மாதிரி பார்ப்பவர் என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். ஐந்து வருடமாக ஒரு கோமாளி மீன் ஜோடி வைத்திருந்தாராம். பெண் மீன் அவர் விரலைக் கண்டால் மேலே வந்து கவ்வுமாம். என் கட்டுரையை வெட்டி வைத்து, அதில் உள்ளபடி பார்த்து ஒரு சாமந்தி வாங்கியிருக்கிறார். ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் வெளியூர் போய்த் திரும்பியபோது, தொட்டித் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர்போல் கலங்கியிருந்தது. சாமந்தி அழுகிப்போயிருந்தது. இரண்டு மீன்களும் மேலே மிதந்தன.

"உங்களக் கொறை சொல்லக் கூப்பிடல சார்" என்றார். "நான் எங்க தப்புப் பண்ணுனேன்னு மட்டும் சொல்லுங்க."

அப்போது நான் ஆட்சியர் அலுவலக வாசலில் நின்றிருந்தேன். பக்கத்தில் வேறு பத்திரிகை நிருபர்கள் இருவர். பதில் என்னிடம் இருந்தது. இரண்டு சொல்தான்: வெள்ளை, தப்பு. நான் கேள்வி கேட்டேன்.

"நீங்க ஊர்ல இல்லாதப்ப தொட்டியில யாராவது தண்ணி ஊத்துனாங்களா?"

பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பது எங்கள் தொழிலில் பழைய வித்தை. கேட்டவன் ஒன்றும் சொன்னதாக ஆகாது.  "ஊத்துனாங்க சார். என் தம்பி சம்சாரம்" என்றார்.

"அப்ப அதுவாத்தான் இருக்கும்" என்றேன்.

அவர் நன்றி சொல்லி வைத்தார். மூன்று மாதம் அந்த அழைப்பை நான் நினைக்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. நினைத்தேன். என் தொட்டிக்கு முன்னால் உட்காரும்போதெல்லாம் நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்து அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கழுவிப் புதிதாக உப்புத் தண்ணீர் நிரப்பிய தொட்டி. கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'என்னைத் தவிர யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது.' மையில் எழுதி, அடியில் இரண்டு கோடு. கீழே செய்தி: இன்னொரு ஜோடி வாங்கிவிட்டேன், சாமந்தியும் சொல்லி வைத்திருக்கிறேன், இந்த முறையும் நீங்கள் எழுதியபடி வெள்ளைதான், அடுத்த வாரம் வருகிறது.

'வெள்ளை வேண்டாம், பழுப்பு வாங்குங்கள், தொட்டி பழக ஆறு மாதம் பொறுங்கள்' என்று தட்டினேன். அனுப்பினால் மீன்கள் பிழைத்துவிடும், நானும் தப்பித்துவிடுவேன். ஆனால் அந்தத் தாளில் இருந்த 'யாரும்' யார் என்று எனக்குத் தெரியும். தட்டியதை அழித்துவிட்டு, நேரில் வருகிறேன் என்று அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை ராசிபுரம் போய் அங்கிருந்து ஆத்தூர் பஸ் ஏறினேன்.

வீட்டை ஒட்டியே ஆலை. களத்தில் மாவு காய்ந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் வாசலைக் கடக்க முடிந்தது. கூடத்தில் தொட்டி. தாள் அப்படியே இருந்தது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மோர் டம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டு, தொட்டிப் பக்கம் வராமல் சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். அவர்தான் தம்பியின் மனைவி. எனக்குப் போன் செய்த அம்மாள் என்னிடம், "சாப்பாடு ஆச்சான்னு உள்ள கேளுங்க சார், சாப்பிட்டுட்டுப் போலாம்" என்றார். உள்ளே கேட்க வேண்டியது அவர், நான் இல்லை. அந்த வீட்டில் பேச்சு மூன்றாவது ஆள் வழியாகப் போகிறது என்று அப்போது புரிந்தது.

முக்கியமானதை முதல் வரியில் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்கு முதல் பாடம். பஸ்ஸில் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். "நான் எழுதுனது தப்புங்க. வெள்ளையா இருக்கறதுதான் நோய். நீங்க போன் பண்றதுக்கு முன்னாடியே எனக்கு அது தெரியும்."

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாவு பாக்கற கண்ணு சார். வெள்ளையக் கண்டா கை தானா நீளுது. அதுக்கு உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். பிறகு, "தண்ணி ஊத்துனாங்களான்னு நீங்கதான கேட்டீங்க?"

"ஆமாங்க."

"தெரிஞ்சேதான் கேட்டீங்க."

"ஆமாங்க."

என்ன நடந்தது என்பதை அவரே சொன்னார். என்னோடு பேசி முடித்த அன்றைக்கு, சொந்தக்காரர்கள் கூடத்தில் இருக்கும்போது, தம்பி மனைவியைப் பார்த்து, 'உன் கை பட்டா எதுதான் தங்குது' என்று கேட்டிருக்கிறார். அதற்கு முந்தைய வருடம் அந்தப் பெண்ணுக்கு வயிற்றில் வந்தது தங்காமல் போயிருந்தது. அதையும் அவர் மறைக்கவில்லை. சொல்லும்போது நடந்ததைத் தவிர ஒரு வார்த்தை கூட்டவில்லை. நல்ல சாட்சிகள் இப்படித்தான் பேசுவார்கள். எனக்கு மோரை எடுக்கக் கை வரவில்லை.

தம்பியின் மனைவி சமையலறை நிலையில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். என்னைப் பார்த்துத்தான் பேசினார். கணவனின் அக்காவை அவர் அண்ணி என்றுதான் சொன்னார்.

"அண்ணி கண்ணாடியில ஒரு கோடு போட்டு வெச்சிருக்காங்க சார். தண்ணி கொறஞ்சா அது வரைக்கும் ஃபில்டர் தண்ணி ஊத்தணும். கோடு வரைக்கும்தான் ஊத்துனேன். அன்னைக்கே சொன்னேன்."

தொட்டிக்கு ஊற்ற வேண்டியது அந்தத் தண்ணீர்தான். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். உப்பு உள்ளேயே தங்கிவிடும். தம்பி மனைவி செய்தது சரி என்று நான் அவரிடமே சொன்னேன். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு தாளின் ஒரு மூலையை நகத்தால் சுரண்டினார். பசை காய்ந்திருந்தது; மூலை மட்டும்தான் வந்தது.

"நீங்க இங்க உக்காந்து சொல்லிட்டுப் போயிடுவீங்க" என்றார் தம்பியின் மனைவி. "அன்னைக்கு இருந்த சொந்தக்காரங்களுக்கு யாரு சொல்றது? நான் சொன்னா எடுபடாது. பேப்பர்ல வந்தா எடுபடும். போடுவீங்களா?"

போடுகிறேன் என்றேன். சாப்பிடாமல்தான் கிளம்பினேன். வெள்ளைச் சாமந்தி வேண்டாம் என்று கடைக்குச் சொல்லிவிட்டதாக அடுத்த நாள் அண்ணியிடமிருந்து செய்தி வந்தது. வேறு ஒன்றும் எழுதவில்லை.

ஐந்து வாக்கியத்தில் திருத்தம் எழுதி அனுப்பினேன். கடைசி இரண்டு வாக்கியம் தண்ணீரைப் பற்றியவை. டெஸ்க்கில் இருப்பவர் என்னைவிடச் சின்னவர், மரியாதையானவர். "அண்ணே, திருத்தத்துல கதை எழுதுனா எப்படிண்ணே?" என்றார். அவர் சொன்னது முறைப்படி சரி. ஞாயிறு இணைப்பில், பக்கத்தின் அடியில், மிகச் சிறிய எழுத்தில் ஒரு வாக்கியம் வந்தது: 'பால்போல் வெளுத்ததாக' என்பதைப் 'பழுப்பு நிறமுடையதாக' எனத் திருத்தி வாசிக்கவும். நான் மறுத்துப் பேசவில்லை. என் பெயருக்கு எதிரே ஒன்று பதிவேறியது. அது எனக்கு உறுத்தாதது ஆச்சரியமாக இருந்தது.

அன்று மதியம் புது எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. அந்த ஒரு வாக்கியத்தைக் கத்தரித்துச் சமையல் மேடையில் வைத்து எடுத்த படம். கீழே எழுதியிருந்தது: 'தண்ணிய பத்தி ஒண்ணும் வரலியே சார்.'

வரவில்லை. இடமில்லை என்று பதில் எழுதப் பார்த்தேன். அதுவும் உண்மைதான், அனுப்பத்தான் முடியவில்லை. இங்கே இடம் இருக்கிறது. ஆத்தூரில் ஒரு வீட்டில், கண்ணாடித் தொட்டி ஒன்றில், ஒரு பெண் தண்ணீர் ஊற்றினார். அது சரியான தண்ணீர். கோடு வரைக்கும்தான் ஊற்றினார். மீன்கள் செத்தது நான் எழுதிய வரியால். பழியை அவர் மேல் திருப்பிவிட்டது நான் கேட்ட கேள்வி.