மலைக்குப் போவதாக இருந்தோம்

குவைத்தில் மலை கிடையாது. ஆறு கிடையாது, காடும் கிடையாது. நாங்கள் குடியிருந்த ஃபர்வானியாவில் எங்கள் தெரு முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு பேரீச்சை மரம் நின்றது, அதுவும் காய்க்காது. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, எழுபதுகளின் நடுவில் ஒரு வருடம், வெள்ளிக்கிழமை தவறாமல் என் மாமாவும் அப்பாவும் பன்றி வேட்டைக்கும் மீன் பிடிக்கவும் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போது எட்டு வயது.

மாமா என்றால் அம்மாவின் பெரிய தம்பி. துறைமுகப் பக்கம் ஒரு சைட்டில் கம்பி கட்டும் வேலை அவருக்கு. கேம்ப்பில் ஒரு ரூமில் பன்னிரண்டு பேரோடு இருந்தார். அப்பா கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் என்ஜினீயர் என்பதால் எங்களுக்கு இரண்டு அறை வீடும் ஒரு ஏ.சி.யும் வாய்த்திருந்தன. மாமா வந்ததும் முதல் காரியமாக ஏ.சி.க்கு முன்னால் நின்று சட்டையைத் தூக்கி வயிற்றுக்குக் காற்று வாங்குவார். பிறகு கையோடு கொண்டுவந்த சிமென்ட் சாக்குத் தாளைத் தரையில் விரிப்பார். சாக்கின் உள்தாள் சுத்தமாக இருக்கும். அதில்தான் மலையை வரைந்து வைத்திருந்தார்.

செங்கோட்டைப் பக்கம் அம்மா பிறந்த ஊருக்கு மேற்கே இருக்கிற மலை அது. கீழே மூங்கில் காடு, அதற்கு மேலே ஏலத்தோட்டம், அதையும் தாண்டி ஏறினால் பாறைக்கசம். ஆற்றில் ஆழமான இடத்தை அங்கே கசம் என்பார்கள். அந்தக் கசத்தில் கெளுத்தியும் விலாங்கும் ஆள் கையளவு கிடக்கும் என்று மாமா சொல்வார். ஆடிக் கடைசியில் லீவு. நாலு நாள் மலையில் தங்க வேண்டும். பகலில் தூண்டில், அந்தி சாயும்போது பன்றி. எஸ்டேட் கங்காணியின் துப்பாக்கிக்கு ஏற்பாடு செய்வது சின்ன மாமாவின் பொறுப்பு.

சின்ன மாமா மாமாவுக்கு இளையவர், கல்யாணமாகாதவர், ஊரில் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மலையில் அவருக்குத் தெரியாத தடம் இல்லை. நான் அவரை நாலு வயதில் ஒரே ஒரு தடவை பார்த்ததோடு சரி. முகம்கூட நினைவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அவர் பெயர்தான் எங்கள் வீட்டில் அதிகம் அடிபட்டது. முன்னால் வழிகாட்ட அவர், நடுவில் அப்பா, பின்னால் துப்பாக்கியோடு மாமா என்று அந்தத் தாளில் எழுதியே வைத்திருந்தார்கள்.

வாழ்நாளில் ஒரு கோழியைக்கூடத் துரத்திப் பிடித்திராத என் அப்பா, இந்த விஷயத்தில் மட்டும் பேப்பர் படித்த அறிவைக் காட்டுவார்.

“வேட்டைக்குச் சட்டம் வந்துட்டுல்லா மாப்ள. உள்ள பிடிச்சுப் போட்டுருவான்.”

“பன்னிக்கு யாரு அத்தான் சட்டம் வாசிச்சுக் காட்டப்போறா?” என்பார் மாமா. அம்மா சமையலறையிலிருந்து சிரிப்பாள்.

சூக் என்கிற சந்தையில் இரானியர் கடையில் மூன்று அளவில் தூண்டில் முள்ளும் நைலான் நரம்பும் வாங்கியாயிற்று. அஞ்சு கட்டை டார்ச் வந்தது. அட்டைக் கடிக்குப் பயந்து முழங்கால் வரை ஏறும் ரப்பர் பூட்ஸ் இரண்டு ஜோடி வந்தது. நானும் வருவேன் என்று ஒவ்வொரு வாரமும் கேட்டேன். “பொம்பளப் பிள்ளைக்கு அங்க என்னட்டி சோலி? அட்டை உன்னைய முழுசா உறிஞ்சிப்புடும்” என்று ஒவ்வொரு வாரமும் மாமா சொன்னார். மூன்று பேருக்கு மேல் போனால் பன்றி சத்தம் கேட்டு ஓடிவிடுமாம். அந்த மூன்றாவது ஆளான சின்ன மாமாவின் மேல் எனக்கு வன்மமே இருந்தது.

வைகாசியில் மாமா எங்கள் வீட்டு மேஜையில் உட்கார்ந்து ஊருக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுதியதை வழக்கம்போல அம்மாவுக்கு உரக்க வாசித்தும் காட்டினார். பாறைக்கசத்துக்குப் போகிற தடம் அடைந்து கிடக்கிறதா என்று தெரியவில்லை, ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டுப் பதில் போடு என்று அதில் இருந்தது.

மூன்று நாலு வாரம் கழித்து ஒரு நாள் அப்பா மத்தியானமே டூட்டியிலிருந்து வந்துவிட்டார். கையில் ஒரு கடிதம். எங்கள் கடிதங்கள் எல்லாம் அப்பாவின் ஆபீஸுக்குத்தான் வரும். அதன் ஓரங்களில் கறுப்பு மை தடவியிருந்ததைப் பார்த்தேன். மை கொட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். என் கையில் பிஸ்கட் டின்னைக் கொடுத்துப் பக்கத்து மலையாளி வீட்டுக்கு விளையாட அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது அம்மா தலைக்குக் குளித்து ஈரத்தோடு இருந்தாள். கண் சிவந்திருந்தது. சோப்புப் பட்டுவிட்டது என்றாள். குப்பைக் கூடையில் அந்தக் கடிதம் சுக்குநூறாகக் கிடந்தது. அம்மாவின் வயிற்றில் என் தம்பி ஐந்து மாதம்.

சின்ன மாமா தடம் பார்க்கப் போயிருக்கிறார். சாரல் காலம். கீழே வெயில் அடித்தாலும் மேலே எங்கோ மழை கொட்டியிருக்கிறது. கசத்தோரம் நின்றவரை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மறுநாள் கீழே அணைக்கட்டில்தான் கிடைத்தார். இதையெல்லாம் நான் பெரியவளான பிறகுதான் அம்மா சொன்னாள்.

மாமாவிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மாவும் அப்பாவும் முடிவு செய்தார்கள். மாமாவின் பாஸ்போர்ட் கஃபீல் என்கிற அரபு முதலாளி கையில் இருந்தது. கான்ட்ராக்ட் முடிய இரண்டு மாதம் பாக்கி. அதற்கு முன்னால் விட மாட்டார்கள். “நாம எழுதுனதாலதான போனான்னு அவன் நெனச்சான்னா, அந்தக் கேம்ப்புல அவனுக்கு யாரு இருக்கா சொல்லுங்க” என்று அம்மா அப்பாவைக் கேட்டிருக்கிறாள். ஊருக்குப் போய்ச் சேரும்வரை மூச்சு விடுவதில்லை என்று ஏற்பாடு.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமா வந்தார். ஏ.சி. முன்னால் நின்றார். தாளை விரித்தார். அப்பா அன்றைக்குப் போல மலையைப் பற்றி அத்தனை கேள்வி என்றைக்கும் கேட்டதில்லை. மாமா மூன்றாவது ஜோடி பூட்ஸும் கொண்டுவந்திருந்தார்.

“எக்கா, சின்னவனுக்குக் கால் அளவு எட்டுதான?”

“எட்டுதான்” என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மாமா ஏ.சி. பக்கமே போகவில்லை. நேராக வந்து உட்கார்ந்தார். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரர் ஒருவர் அவர் கேம்ப்பில் இருந்தார் என்பதை அப்பாவும் அம்மாவும் யோசிக்காமல் விட்டுவிட்டார்கள். அவருக்கு வீட்டிலிருந்து வந்த கடிதத்தில் எல்லாம் இருந்திருக்கிறது. மாசமாக இருக்கிற அக்காவுக்கு ஊரில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நாமும் சொல்லக் கூடாது என்று மாமா நினைத்துக்கொண்டார்.

அப்பா தாளைப் பார்த்து வாசித்தார். “முன்னால வழிகாட்டச் சின்னவன்...”

“அவன் வேண்டாம் அத்தான்” என்றார் மாமா. “அவனுக்கு அப்போ வயல்ல சோலி கிடக்கும்.” பென்சிலை எடுத்து அந்தப் பெயரை அடித்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நீ வாட்டி. மூணாவது ஆளு நீதான்.”

என் பெயரை எழுதினார். எழுத்து கோணலாக இருந்தது.

அம்மா கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றாள். அவள் மாமாவைப் பார்த்தாள், மாமா அவளைப் பார்த்தார். அப்பா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரிடா, அவளையே கூட்டிட்டுப் போ” என்றாள் அம்மா. “எந்திரி, சாப்பிட வா.”

அவ்வளவுதான். மாமா சாப்பிட்டார். அம்மா கேட்காமலே இரண்டாம் முறை சோறு போட்டாள், அதையும் சாப்பிட்டார். நான் அந்த மூன்றாவது ஜோடி பூட்ஸை மாட்டிக்கொண்டு, அது தொடை வரை ஏற, வீடு முழுக்கத் தொம் தொம்மென்று நடந்தேன். சத்தம் போடாதே என்று வழக்கமாக அதட்டுகிற மூன்று பேரில் ஒருவரும் அன்று அதட்டவில்லை. மலைக்குப் போகிறவளுக்குக் கிடைக்கும் மரியாதை என்று எண்ணிக்கொண்டேன்.

ஆடிக் கடைசியில் பம்பாய்க்குப் பறந்து, அங்கிருந்து ரயிலில் ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் வண்டி நின்றதும் உள்ளேயிருந்து பெண்கள் அழுதுகொண்டே ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார்கள். மாமா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே சுவரில் மாலை போட்ட ஒரு படம். யார் என்று ஒரு அத்தையிடம் கேட்டேன். “உங்க சின்ன மாமாதான்மா. மலையில ஆத்தோட போயிட்டான்.”

மலையில் ஆள் செத்துவிட்டால் மலைக்குப் போக மாட்டார்கள். எட்டு வயதுக்கு அது சட்டென்று விளங்கிவிட்டது. நான் வீறிட்டு அழுதேன். அழுத பெண்கள்கூடத் தங்கள் அழுகையை நிறுத்திவிட்டு என்னை வாரி அணைத்தார்கள். “பிள்ளைக்கு மாமன் மேல எம்புட்டுப் பாசம் பாரு” என்று ஒருத்தி சொல்ல, இன்னும் நாலு பேர் வந்து தேற்றினார்கள். நான் மறுக்கவில்லை.

மாமா எழுந்து வந்து என்னை வாங்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். அங்கிருந்து பார்த்தால் மேற்கே மலை தெரிந்தது. அதற்கு முதுகைக் காட்டியபடி நின்றார். அதற்குப் பிறகு எத்தனையோ லீவுக்கு ஊருக்கு வந்தும் அவர் மலை ஏறவே இல்லை.

“மலைக்குப் போகலன்னுதான அழுத?” என்று என் காதில் கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அடி விழப்போகிறது என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. என்னை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “அழு. நல்லா அழு” என்றார். என்னை ஏன் அழச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.